மலைநீரில் ஒளி கண்டவர்

மண்டைதீவிலே பிறந்து வளர்ந்த எனக்கு ஆறு என்பது ஏட்டில் மட்டும் அறிந்த பொருள். நாற்புறமும் உப்புநீர்; குடிக்கக் கிணற்றுநீர். எனினும், மலைநாட்டு அருவியொன்றின் பெயர் எங்கள் பக்கத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தொலைவிலிருந்து கம்பிவழி வரும் மின்சாரத்தை நாங்கள் 'லக்ஷபான மின்சாரம்' என்றே சொல்வோம். போரிலே அறுந்த தொடர்பு மீண்டும் இணைந்தபோதும் அப்பெயரே வாயில் வந்தது. அப்பெயருக்குப் பின்னே நிற்கும் டி. ஜே. விமலசுரேந்திரவை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

அன்னார் 1874 இல் காலியிலே பிறந்தவர். கைவினைத் திறனுக்குப் பெயர்பெற்ற தந்தையின் மகன். பொறியியல் பயின்று, ஆங்கிலேயர் ஆட்சியின் பொதுவேலைப் பகுதியிற் சேர்ந்தார். மலைநாட்டில் பணியாற்றியபோது மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் பள்ளத்தாக்கை நோக்கி வீழ்வதைக் கண்டார். பிறர் அழகு கண்ட இடத்தில் அவர் ஆற்றலையும் கண்டார். இரண்டும் ஒன்றுகூடிக் களனி கங்கையாகும் அந்நீர் நாட்டுக்கு ஒளி தரும் என்பது அவருடைய உறுதி. 1912 இல் நுவரெலியாவுக்கு அருகே பிளக்பூலில் சிறியதோர் நீர்மின் நிலையத்தை அமைத்தார். 1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் தமது பெருந்திட்டத்தைக் கணக்குகளுடன் விளக்கினார்.

ஆட்சியாளர் எளிதில் இசைந்தாரல்லர். 1924 இல் தொடங்கிய வேலை பணமின்றி நின்றது. ஓய்வுபெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. 1931 இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இத்திட்டத்திற்காகவே வாதாடினார். மீண்டும் தொடங்கிய வேலையை உலகப்போர் தாமதப்படுத்தியது. இறுதியில், 1950 இல் லக்ஷபான நிலையம் 25 மெகாவாட்டு வலுவுடன் இயங்கலாயிற்று. நோர்ட்டன்பிரிட்ஜ் அணையில் தேங்கிய நீர் சுரங்கவழியே சென்று, நானூறு மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கிச் சுழலிகளைச் சுழற்றியது. இளமையிற் கண்ட கனவு நனவானதை முதுமையிற் கண்டு, 1953 இல் அவர் மறைந்தார். 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கீழ் எழுந்த 50 மெகாவாட்டு நிலையம் அவர் பெயரையே தாங்கியது.

இனி, அவர் காணாத பின்கதையையும் கூறவேண்டும். மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. கோடையில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் இடிந்த தோற்றத்துடன் தலைகாட்டுகின்றன. அங்கே விளக்கேற்றி வழிபட்டவர்கள் வேறிடம் சென்றார்கள். ஆற்றுநீர் சுரங்கங்களிற் திரும்பியதால், அபர்டீன், லக்ஷபான அருவிகளின் இயல்பான பெருக்கும் குன்றியது. நீரோடு வாழ்ந்த மீனும் கரைமரமும் அக்குறைவை உணராதிருக்குமா? காடழித்துத் தேயிலை நட்ட சரிவுகளின் மண் மழைதோறும் கரைந்து நீர்த்தேக்கங்களில் படிகின்றது. மழை பொய்த்த 1996 இல் நாடே மின்வெட்டிற் கிடந்தபோது, நீரை மட்டுமே நம்பியதன் விலையும் தெரிந்தது.

இதனால் அப்பெரியாரின் பணியைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. எண்ணெய் எரிப்பதும் தீங்கற்றதன்று. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக 2014, 2015 ஆண்டுகளில் எழுந்த கலக்கத்தை யாழ்ப்பாணத்தார் மறந்திலர். நீர்மின்சாரமோ புகையின்றி வருவது. ஆனால், அதற்கும் ஆறு ஒரு விலை கொடுக்கின்றது. அவர் காலத்தில் அவ்விலையை எவரும் கணக்கில் எழுதவில்லை. இன்று நாம் எழுதலாம். அணையின் கீழும் ஆறு ஓடுமளவுக்கு நீர் விடுதலும், சரிவுகளில் மீண்டும் மரம் வளர்த்தலும், இடம்பெயர்வோர் குரலைத் திட்டம் வகுக்கும்போதே கேட்டலும் இயலாத செயல்களல்ல. ஆறில்லாத ஊரில் இருந்து அவ்வொளியை நுகரும் எமக்கும் இதைக் கேட்கும் கடமை உண்டு.