ழான் ஃபூக்கே

ழான் ஃபூக்கே (ஏறத்தாழ 1420 – ஏறத்தாழ 1481) 15ஆம் நூற்றாண்டின் முதன்மையான பிரெஞ்சு ஓவியர்களுள் ஒருவர் ஆவார். பலகை ஓவியங்களையும் கையெழுத்து நூல்களுக்கான நுண்ணோவியங்களையும் வரைந்தார். எத்தியேன் செவாலியேயின் செபநூலுக்கு இவர் வரைந்த ஓவியங்கள் பெரிதும் புகழ் பெற்றவை.

வாழ்க்கை

ஃபூக்கே பிரான்சின் தூர் நகரில் பிறந்தார். 1440களில் இத்தாலிக்குச் சென்று, உரோமில் திருத்தந்தை நான்காம் யூஜினின் உருவப்படத்தை வரைந்தார். அப்படம் இன்று கிடைக்கவில்லை. நாடு திரும்பியபின் தூர் நகரிலேயே தங்கி, அரசவையினருக்காகப் பணியாற்றினார். 1475இல் பதினொன்றாம் லூயி மன்னரின் ஓவியராக இருந்தார். செப்புத் தகட்டின் மீது எனாமல் பூசிப் பொன்னால் இவர் தீட்டிய சிறிய வட்டவடிவத் தன்னுருவப்படம் பாரிசிலுள்ள இலூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் இவரது பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

செவாலியேயின் செபநூல்

நாளின் குறித்த வேளைகளில் சொல்ல வேண்டிய செபங்களைத் தொகுத்துத் தரும் நூல்கள் இடைக்கால ஐரோப்பாவில் பொதுநிலையினரிடையே பரவலாக வழங்கின. செல்வந்தர்கள் இவற்றைத் தோல் தாள்களில் எழுதுவித்து, பொன்னாலும் வண்ணங்களாலும் ஒப்பனை செய்வித்தனர். ஏழாம் சார்லஸ் மன்னரின் பொருளாளரான செவாலியேக்காக, 1452க்கும் 1460க்கும் இடையே ஃபூக்கே இத்தகைய நூல் ஒன்றை அணிசெய்தார்.

இத்தாலியில் கண்ட தொலைநோக்கு முறையையும் பளிங்குத் தூண்களையும் இவர் பிரெஞ்சு நிலக்காட்சிகளுடன் இணைத்தார். ஒளிபடும் இடங்களை மெல்லிய பொற்கோடுகளால் காட்டினார். குழந்தை இயேசுவை வணங்கும் மூன்று அரசர்களுள் ஒருவராக ஏழாம் சார்லஸ் மன்னரையே வரைந்தார். மற்றோர் ஏட்டில் பாரிசின் நோத்ர தாம் பேராலயம் காணப்படுகிறது.

பிற்காலத்தில் இந்நூல் ஏடு ஏடாகப் பிரிக்கப்பட்டு, ஓவியங்கள் தனித்தனிப் படங்களாக விற்கப்பட்டன. செபங்களின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. இன்று 47 ஏடுகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் 40 ஏடுகளை 1891இல் ஓமால் கோமகன் வாங்கினார். அவை சாந்திலியிலுள்ள கோந்தே அருங்காட்சியகத்தில் உள்ளன. எஞ்சியவை பாரிஸ், இலண்டன், நியூயார்க் உள்ளிட்ட இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

பிற படைப்புகள்

செவாலியேக்காகவே இவர் மெலன் நகரத் தேவாலயத்திற்கு இரட்டைப் பலகை ஓவியம் ஒன்றையும் வரைந்தார். அதன் ஒரு பலகை பெர்லினிலும் மற்றொன்று ஆன்ட்வெர்ப்பிலும் உள்ளன.

அடையாளம் காணப்பட்ட விதம்

அக்கால நுண்ணோவியர்கள் பொதுவாகத் தம் படைப்புகளில் கையொப்பமிடவில்லை. யோசேப்பஸ் எழுதிய யூத வரலாற்றின் கையெழுத்துப் படி ஒன்றில், அதன் ஓவியங்கள் பலவற்றை வரைந்தவர் ஃபூக்கே என்று பிரான்சுவா ரொபெர்த்தே என்ற செயலாளர் குறிப்பு எழுதி வைத்தார். செவாலியேயின் ஏடுகள் உள்ளிட்ட பிற நுண்ணோவியங்கள் இவருடையவை என அறிஞர்கள் முடிவு செய்ய, பாரிசிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தில் இருக்கும் இப்படியின் ஓவியங்களே அடிப்படைச் சான்றாயின.