ஒற்றியல் உரைத்த சமண முனிவர் சோமதேவ சூரி

சைத்திர மாதத்து வளர்பிறைத் திரயோதசி, பகவான் மகாவீரர் பிறந்தருளிய திருநாள். அதே திதியில், சக ஆண்டு 881இல், அதாவது கி.பி. 959இல், வடமொழி இலக்கியத்தில் ஒப்பற்ற இடம்பெற்ற யசஸ்திலக சம்பு நிறைவெய்தியது. அவ்வாண்டின் பெயர் சித்தார்த்தி. பகவானின் தந்தையார் திருப்பெயரை நினைவூட்டும் ஆண்டில், பகவான் பிறந்த திதியில் தம் பெருநூலை முடித்த அந்த ஆசாரியர் சோமதேவ சூரி ஆவார். காவியம் பாடியவராக மட்டும் அவரை அறிந்தோர் பலர். அரசியல் நூலொன்றும் அவர் இயற்றினார் என்பதையும், அதில் தூதுக்கும் ஒற்றுக்கும் தனித்தனி இயல் வகுத்தார் என்பதையும் அறிந்தோர் சிலரே. கொல்லாமையும் வாய்மையும் பூண்ட துறவி ஒருவர் ஒற்றாடலைப் பற்றி எழுதியது எவ்வாறு? இவ்வினாவை மனத்திற்கொண்டு அப்பெரியாரின் வாழ்வை நோக்குவோம்.

நம் மண்ணோடு அமைந்த தொடர்பு

சோமதேவர் வாழ்ந்த காலம் இராட்டிரகூடப் பேரரசின் உச்சக் காலம். அப்பேரரசன் மூன்றாம் கிருஷ்ணன் 949இல் தக்கோலப் போரில் சோழர் படையை முறியடித்தான். சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே அப்போரில் உயிர் துறந்தான். அதன்பின் தொண்டை மண்டலத்தின் பெரும்பகுதி கிருஷ்ணன் கைப்பட்டது. கன்னரதேவன் என்னும் பெயரால் அவனைக் குறிக்கும் கல்வெட்டுகள் பழைய வடஆர்க்காட்டுப் பகுதியின் பல ஊர்களில் இன்றும் உள்ளன.

யசஸ்திலகத்தின் இறுதியுரையில் சோமதேவர் ஓர் அரிய செய்தியைப் பதிந்துள்ளார். நூல் நிறைவுற்றபோது பாண்டியர், சிங்களர், சோழர், சேரர் ஆகியோரை வென்ற கிருஷ்ணன் மேல்பாடியில் பாசறை அமைத்துத் தங்கியிருந்தான் என்பதே அது. இம்மேல்பாடி பொன்னையாற்றங்கரையில் உள்ள ஊர். சமணக் குகைகளால் புகழ்பெற்ற வள்ளிமலை அதற்கு அண்மையில் உள்ளது. வேங்கிக்காலில் வாழும் நாம் வேலூர் வழியாக வடக்கே சென்றால் ஒரு பகற்பொழுதில் இவ்விரண்டையும் கண்டு திரும்பலாம். தொலைவில் தெலுங்கு நாட்டில் அமர்ந்து எழுதிய முனிவரின் காலத்தை ஐயமின்றி அறுதியிட உதவுவது நம் அண்டை ஊரின் பெயர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

கல்வியும் காவியமும்

சோமதேவர் தம் பெற்றோரைப் பற்றிப் பேசுவதில்லை. துறவிக்குக் குருவே தந்தை என்னும் முறைப்படி குருமரபையே கூறுகிறார். தேவசங்கத்தைச் சார்ந்த யசோதேவரின் மாணாக்கர் நேமிதேவர். அந்நேமிதேவரின் மாணாக்கர் சோமதேவர். ஆசிரியர் வாதப் போரில் வல்லவர். மாணாக்கரும் அவ்வழியே தருக்க நூல்களில் தோய்ந்தார். சியாத்வாதம் என்னும் மலையில் உலவும் சிங்கம், தருக்கவாணர்களின் சக்கரவர்த்தி என்னும் பொருள்படும் விருதுகள் அவருக்கு அமைந்தன. பிறந்தது முதல் தருக்கம் என்னும் உலர்ந்த புல்லையே தின்று வளர்ந்த தம் அறிவாகிய பசு, நல்லோர் செய்த புண்ணியத்தால் கவிதையாகிய பாலைச் சுரந்தது என்று அவரே நயம்படக் கூறிக்கொள்கிறார். அவர் முதலில் தருக்கவாணர், பின்னரே புலவர். ஒற்றியலை அவர் எழுதிய முறையைப் புரிந்துகொள்ள இதனை நினைவில் இருத்துதல் வேண்டும்.

இராட்டிரகூடர்க்கு அடங்கி வேமுலவாடையிலிருந்து ஆண்ட சாளுக்கியர் அவரைப் போற்றினர். கன்னடத்தின் ஆதிகவியாகிய பம்பரை ஆதரித்த அரிகேசரியின் குடி அது. அரிகேசரியின் மகன் வாகராசன் காலத்தில் கங்காதாரை என்னும் ஊரில் யசஸ்திலகம் நிறைவுற்றது.

உரைநடையும் செய்யுளும் கலந்து எட்டு ஆசுவாசங்களில் அமைந்த அந்நூலின் கதை தமிழருக்குப் புதியதன்று. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம் கூறும் கதையே அது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரன், கொல்லும் எண்ணம் ஒன்றினாலேயே பிறவிதோறும் உற்ற துன்பத்தை அது விரிக்கிறது. இறுதி மூன்று ஆசுவாசங்கள் இல்லறத்தார் ஒழுக்கத்தைக் கூறும் உபாசகாத்தியயனமாக அமைந்து, இன்றும் சிராவகர்க்கு வழிகாட்டுகின்றன.

அரசியல் பேசும் மூன்றாம் ஆசுவாசத்தில் சங்கநகன் என்னும் ஒற்றன் வருகிறான். பாமரோதரன் என்னும் அமைச்சனின் கொடுமைகளை அவன் மன்னன் யசோதரன் முன் அஞ்சாது எடுத்துரைக்கிறான். அவன் பகைநாட்டில் உளவு பார்த்தவன் அல்லன். தன் நாட்டுக் குடிகளின் துயரைத் தன் அரசனுக்குச் சொன்னவன். சோமதேவர் போற்றும் ஒற்றன் எத்தகையவன் என்பதை இப்படைப்பே காட்டிவிடுகிறது.

நீதிவாக்கியாமிர்தம்

காவியத்திற்குப் பின் சோமதேவர் இயற்றியது நீதிவாக்கியாமிர்தம். அதன் இறுதியுரை யசோதர சரிதத்தை முன்னரே இயற்றப்பட்ட நூலாகக் குறிப்பிடுகிறது. சிறு சிறு உரைநடைத் தொடர்களால் ஆன இந்நூல் 32 சமுத்தேசங்களை, அதாவது இயல்களைக் கொண்டது. அறம், பொருள், இன்பம் ஆகியவற்றைப் பயனாகத் தரும் அரசுக்கு வணக்கம் கூறி நூல் தொடங்குகிறது. 13ஆம் இயல் தூது, 14ஆம் இயல் ஒற்று, 15ஆம் இயல் ஆராய்ச்சி. இவ்வரிசை முறை கருதத்தக்கது.

தூதன் வெளிப்படையாகச் செல்பவன். பகையரசன் எத்தகைய தீங்கு செய்தவனாயினும் அவனுடைய தூதனைக் கொல்லலாகாது என்பதும், தூதன் எக்குடிப் பிறந்தவனாயினும் இவ்விதி பொருந்தும் என்பதும் சோமதேவர் கருத்து. ஒற்றனோ மறைந்து செல்பவன். தன் நாட்டிலும் பிற நாட்டிலும் நிகழ்வனவற்றைக் காண அரசர்க்கு அமைந்த கண் ஒற்றர் என்கிறார். ஒற்றர் இல்லாத அரசனை அயலாரும் ஏமாற்றுவர், தன்னவரும் ஏமாற்றுவர். இரவுக் காவலன் இல்லாத இடத்தில் நலம் ஏது என்றும் அவர் வினவுகிறார்.

ஒற்றனுக்கு வேண்டிய பண்புகளாக அவர் கூறுவன நான்கு: பேராசையின்மை, மடியின்மை, பொய்யுரையாமை, ஊகித்தறியும் ஆற்றல். வேடம் பூண்டு திரியும் ஒருவனுக்குப் பொய்யாமை எவ்வாறு பொருந்தும் எனச் சிலர் எண்ணலாம். ஒற்றன் எவரிடம் எதை மறைப்பினும் தன்னை ஏவியவனிடம் உள்ளதை உள்ளவாறே உரைத்தல் வேண்டும். தலைவன் விரும்புவதை மட்டும் சொல்லும் ஒற்றன் கண்ணில் படர்ந்த படலத்தை ஒப்பான். அவனால் படைகள் வீணே மோதும், குற்றமற்றோர் தண்டிக்கப்படுவர். தமிழில் ஒற்றெழுத்துக்கு மெய்யெழுத்து என்றும் பெயருண்டு. ஒற்றுக்கு மெய்யே உயிர் என்பது சோமதேவர் துணிபு. மனம் நிறையும் கொடையே ஒற்றர்க்கு ஊதியம் என்பதும் அவர் கூற்று; நிறைவாகப் பெறுபவர் தலைவன் பணியில் விரைந்து செயற்படுவர் அன்றோ?

ஒருவன் சொல்லைக் கொண்டு அரசன் முடிவு செய்தலாகாது. முன்னரே குறியீடு பேசி வைத்திராவிடத்து, மூவர் கூற்றும் ஒன்றுபட்டாலன்றி நம்பலாகாது. இதனைக் கௌடில்யரின் அர்த்தசாத்திரமும் கூறுகிறது. திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடலும் கூறுகிறது. ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றரின் சொல் ஒத்தால் தெளிக என்பது வள்ளுவம். பொன்னூர் மலையில் தவமியற்றிய ஏலாசாரியராகிய குந்தகுந்தரே திருக்குறளை அருளியவர் என்பது நம் சமண மரபு. அம்மரபில் வந்தோர்க்கு இவ்வொற்றுமை தனிச்சுவை தரும்.

அடுத்து வரும் ஆராய்ச்சி இயலில்தான் தருக்கவாணராகிய சோமதேவரை முழுமையாகக் காண்கிறோம். காட்சி, அனுமானம், ஆகமம் என்னும் அளவைகளால் பொருளை உள்ளவாறு நிறுவுவதே ஆராய்ச்சி; ஆராயாது எச்செயலும் செய்தலாகாது என்கிறார். தானே கண்ட பொருளிலும் அறிவு மயங்கும், ஐயுறும், திரிபுணரும். பிறர் சொல்லக் கேட்டதைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ என எச்சரிக்கிறார். ஒற்றர் கொணர்ந்த செய்தி முடிவன்று, ஆராய்ச்சிக்கு வாயிலே என்பது இதனால் விளங்கும். ஒரே நோக்கில் கண்டது முழுமை ஆகாது என்னும் அனேகாந்த உணர்வு இங்கே ஆட்சிமுறையாக வடிவெடுத்திருக்கிறது எனலாம்.

நெருடலான பகுதி

இனி நாம் மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. கௌடில்யர் ஒன்பது வகை ஒற்றரைக் கூற, சோமதேவர் முப்பதுக்கும் மேற்பட்ட வகையினரைப் பட்டியலிடுகிறார். வணிகன், மருத்துவன், கணியன், கூத்தன், பாடகன், பாம்பாட்டி, சமையற்காரன், ஊமை, செவிடன், குருடன் என அப்பட்டியல் நீள்கிறது. அவர்களிடையே தவவேடத்தாரும் உளர், கொலை அஞ்சாக் கொடியோரும் உளர், நஞ்சிடுவோரும் உளர். சாணக்கியன் கொடியோன் ஒருவனைத் தூதாக ஏவி நந்தனைக் கொன்றான் என்னும் கேள்விச் செய்தியையும் தூது இயலில் அவர் சொல்லிச் செல்கிறார். மாக்கோழியைக் கொன்றதும் பாவம் எனக் காவியம் செய்த கை இவற்றையும் எழுதியது.

இதற்கு அமைதி கூறுவோர், அரசர்க்குரிய நூல் துறவிக்குரிய நூலன்று என்பர். மகாவிரதம் முனிவர்க்கு, அணுவிரதம் இல்லறத்தார்க்கு என்னும் நம் சமயப் பகுப்பு இதற்கு இடந்தருகிறது. போர்க்களத்தில் படையேந்தி எதிர்ப்பவன்மீதும் தன் நாட்டுக்கு முள்ளாக இருப்பவன்மீதும் மட்டுமே அரசன் படைக்கலம் ஓச்ச வேண்டும். எளியோர்மீதும் நல்லெண்ணம் உடையோர்மீதும் கூடாது என யசஸ்திலகத்தில் அவரே வரையறுத்துள்ளார். எனினும், நஞ்சிடுவோனை ஒற்றர் வரிசையில் வைத்ததை இவ்விளக்கம் முற்றும் தீர்ப்பதில்லை. அக்கால அரசுகளிடம் இருந்த கருவிகளை அவர் ஒளிக்காமல் எழுதினார் என்பதே நேர்மையான விடை. ஆனால் நஞ்சு கூட்டும் முறைகளுக்கும் மறைந்து கொல்லும் சூழ்ச்சிகளுக்கும் அர்த்தசாத்திரம் போலப் பக்கங்களை அவர் ஒதுக்கவில்லை. அவர் விரித்துரைத்தவை ஒற்றனின் வாய்மையும் அரசனின் ஆராய்ச்சியுமே.

போர் பற்றிய இயலில் இன்னும் தெளிவாகப் பேசுகிறார். இன்சொல்லால் முடிவதைப் போரால் முடிக்க முயலாதே. வெல்லத்தால் எண்ணியது கைகூடுமாயின் நஞ்சை உண்பவர் யார் என வினவுகிறார். உண்மை அறிந்த அரசனுக்கே இன்சொல்லின் காலமும் இடமும் புலப்படும். அறியாதவன் அச்சத்தால் படையெடுப்பான். ஆகவே, நன்கு அறிதல் கொலையைக் குறைக்கும் என்னும் நம்பிக்கையே இத்துறவியை ஒற்றியல் எழுதச் செய்தது என நான் கருதுகிறேன்.

நிலைத்தது எது?

966இல் பொறிக்கப்பட்ட பர்பனிச் செப்பேடு சோமதேவரை நமக்கு இறுதியாகக் காட்டுகிறது. வாகராசனின் மகன் அரிகேசரி, தன் தந்தை எடுப்பித்த சுபதாம ஜினாலயத்தின் பொருட்டுச் சோமதேவர்க்கு ஓர் ஊரை அளித்ததை அச்செப்பேடு கூறுகிறது. அடுத்த ஆண்டில் மூன்றாம் கிருஷ்ணன் மறைந்தான். 972இல் மாளவத்துப் பரமாரன் சீயகன் இராட்டிரகூடத் தலைநகர் மானியகேடத்தைச் சூறையாடினான். மேல்பாடிப் பாசறையில் கொண்டாடப்பட்ட வெற்றிக்கும் அத்தலைநகரின் வீழ்ச்சிக்கும் இடைப்பட்டவை பதின்மூன்றே ஆண்டுகள்.

நூல்கள் மட்டும் நிலைத்தன. அர்த்தசாத்திரத்தின் சுவடி 1905இல் மைசூரில் வெளிப்பட்டு, சாமசாஸ்திரியாரால் 1909இல் அச்சேறியது. அதன்பின் நீதிவாக்கியாமிர்தத்தை அதனோடு ஒப்பிட்ட அறிஞர்கள், பழைய அரசியல் நூல் மரபை ஒரு சமண முனிவர் எத்துணைக் கவனமாகப் பேணினார் எனக் கண்டு வியந்தனர். பழைய உரையொன்றுடன் அந்நூல் 1922இல் பம்பாயில் மாணிக்கசந்திரர் திகம்பர ஜைன நூல் வரிசையில் வெளிவந்தது.

இன்று செய்திகள் நொடிப்பொழுதில் நம் கைக்கு வந்து சேர்கின்றன. அரசன் ஒருவனுக்கே உரியதாயிருந்த பொறுப்பு இப்போது ஒவ்வோர் இல்லறத்தாரின் பொறுப்பாகிவிட்டது. ஒருவர் சொன்னதை உடனே நம்பாமையும், மூவர் வாய்க் கேட்டுத் தெளிதலும், தெளிந்த பின்னரும் ஆராய்தலும் சத்திய அணுவிரதத்தின் பகுதிகளே ஆகும். கேட்டதை ஆராயாது பரப்பி ஓர் உயிரின் மனத்தைப் புண்படுத்துவதும் இம்சையே அன்றோ? பகவானின் திருநாளில் தம் காவியத்தை நிறைவுசெய்த முனிவரை, அந்நாளில் நாமும் நினைந்து, காண்பதிலும் கேட்பதிலும் மெய்யைப் போற்றுவோமாக.

அறம் வாழ்க! அருகன் திருவடி வாழ்க!