பாறைக்கு வழிவிட்ட ஓட்டல்

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் எங்கு திரும்பினாலும் கருங்கல் குன்றுகள். பல குன்றுகளின் அடியில் ஏரி.

இப்படி ஓர் இடத்தில் ஓட்டல் கட்டுவது என்றால் முதலில் என்ன செய்வார்கள்? பாறைக்கு வெடி வைப்பார்கள். மேடு பள்ளத்தைச் சமமாக்குவார்கள். பிறகுதான் அஸ்திவாரம்.

பாறையைப் பாறையாகவே விட்டுவிட்டு, அதன் ஓரமாக 152 அறைகள் கொண்ட ஓட்டலைக் கட்டிக் காட்டினார் ஒருவர். அவர்தான் இலங்கையின் புகழ்பெற்ற கட்டிடக்கலை நிபுணர், ஜெப்ரி பாவா.

வக்கீலின் மகன்

1919-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி கொழும்பில் பாவா பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாவா பெயர் பெற்ற வக்கீல். வசதியான குடும்பம். ஆனால் பாவா சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார்.

பாவா இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தார். பிறகு சட்டம் படித்து, பாரிஸ்டர் ஆனார். கொழும்புக்குத் திரும்பி, வக்கீல் தொழிலில் இறங்கினார்.

தொழிலில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. 1946-ல் தாயாரும் காலமானார். பாவா வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றினார். இத்தாலி நாட்டு ஏரிக்கரை ஒன்றில் வீடு வாங்கிக் குடியேற நினைத்தார். அது நடக்கவில்லை.

தோட்டம் மாற்றிய வாழ்க்கை

1948-ல் ஊர் திரும்பிய பாவா, பெந்தோட்டை அருகே ஏரிக்கரையில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை விலைக்கு வாங்கினார். அதற்கு லுணுகங்க என்று பெயர் வைத்தார்.

அந்த இடத்தை அழகான பூங்காவாக மாற்ற ஆசைப்பட்டார். ஆசை இருந்தது, தொழில் அறிவு இல்லை. எந்த மரத்தை விடுவது, எந்த மேட்டைக் குறைப்பது, எங்கே நின்றால் தண்ணீர் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். கட்டிடக்கலையை முறையாகப் படிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

முப்பது வயதைத் தாண்டியவர் மறுபடியும் மாணவர் ஆனார்! லண்டனில் படித்து, 1957-ல் தேர்ச்சி பெற்றார். அப்போது அவருக்கு வயது 38.

அதன் பிறகு வேலைகள் குவிந்தன. வீடுகள், பள்ளிகள், ஓட்டல்கள் கட்டினார். மதுரைப் பகுதியில் சிறுவர் நகருக்கும் அவர் கட்டிடங்கள் அமைத்துக் கொடுத்தார். 1982-ல் திறக்கப்பட்ட இலங்கை நாடாளுமன்றக் கட்டிடமும் அவர் வரைந்ததே.

வேண்டாம் என்றார்

1991-ம் ஆண்டு, பாவாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. சிகிரியா மலைக்கோட்டையின் அருகே ஓர் ஓட்டல் கட்டித் தரும்படி ஒரு கம்பெனி கேட்டது.

அந்த இடம் வேண்டாம் என்றார் பாவா. பழம்பெரும் கோட்டையின் காலடியில் ஓட்டல் கட்டினால் கோட்டையின் அழகு கெடும் என்பது அவர் எண்ணம். ஹெலிகாப்டரில் பறந்து, வேறு இடம் தேடினார். தம்புள்ளை அருகே கண்டலம ஏரியை ஒட்டிய பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து பார்த்தால் ஏரிக்கு அப்பால் தொலைவில் சிகிரியா தெரியும்.

எதிர்ப்பு கிளம்பியது. தம்புள்ளைக் குகைக் கோவிலின் புனிதம் கெடும் என்று பிட்சுகள் அஞ்சினார்கள். ஓட்டல் கழிவு ஏரியில் கலந்தால் வயல்கள் என்ன ஆகும், குடிதண்ணீர் என்ன ஆகும் என்ற கவலை எழுந்தது.

நியாயமான கவலைதான். மழை குறைந்த அந்தப் பிரதேசத்தில் ஏரிதான் உயிர்நாடி. அந்தக் கவலைக்குக் கட்டிடமே பதில் சொல்ல வேண்டி இருந்தது.

தூண்களின் மேல் நிற்கிறது

கட்டிடத்தைப் பாவா தூண்களின் மேல் நிறுத்தினார். மழை பெய்தால் பாறையில் வழியும் தண்ணீர் கட்டிடத்தின் அடியிலேயே ஓடி, பழைய வழியில் இறங்கும். பாறை வளைந்த இடத்தில் கட்டிடமும் வளைந்தது. நடைபாதை ஓரத்தில் பாறை அப்படியே நிற்கிறது.

மொட்டை மாடியில் மண் பரப்பிச் செடி வைத்தார்கள். முகப்பில் கொடிகளைப் படர விட்டார்கள். கழிவு நீரைச் சுத்தம் செய்து, தோட்டத்துக்குப் பாய்ச்ச ஏற்பாடு செய்தார்கள்.

1994-ல் ஓட்டல் திறக்கப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பச்சை படர்ந்து கட்டிடத்தை மூடியது. ஏரியின் அக்கரையிலிருந்து பார்த்தால் ஓட்டல் எங்கே, காடு எங்கே என்று பிரித்துச் சொல்வது கடினம். குரங்குகள் முகப்பில் தாவி விளையாடுகின்றன.

சுற்றுச்சூழலைக் காக்கும் கட்டிடங்களுக்கு அமெரிக்கப் பசுமைக் கட்டிட மன்றம் வழங்கும் சான்றிதழ் இந்த ஓட்டலுக்குக் கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதைப் பெற்ற முதல் ஓட்டல் இதுதான்.

கடைசி நாட்கள்

1998-ல் பாவாவைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சு நின்றது. 2001-ல் ஆகா கான் விருதுக் குழுவின் தலைவர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2003-ம் ஆண்டு மே 27-ந் தேதி, 83-வது வயதில் காலமானார். அவருடைய அஸ்தி லுணுகங்க தோட்டத்தில் வைக்கப்பட்டது.

தொழிற்சாலைகள் பெருகிய ஓசூர் பக்கம் வந்து போகிறவர்களும் பெருகிவிட்டார்கள். அவர்கள் தங்க விடுதிகள் தேவைதான். ஆனால் உடைத்த குன்று திரும்ப முளைக்காது. கெட்ட ஏரி எளிதில் தெளியாது. விடுதி கட்டுகிறவர்கள் கண்டலமவை ஒரு தடவை நினைத்துப் பார்ப்பது நல்லது.