கழிவிலும் பயன் கண்ட விஞ்ஞானி

இஸ்ரேலின் முதலாவது ஜனாதிபதியாகவே கைம் வைஸ்மனை உலகம் பெரிதும் அறியும். அவர் சிறந்ததோர் இரசாயனவியலாளர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

1874 இல், அன்றைய ரஷ்யப் பேரரசின் மொட்டோல் எனும் சிற்றூரில் மர வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்த வைஸ்மன், ஜேர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் கற்று, 1904 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தை அடைந்தார். செயற்கை இறப்பருக்கு வழிதேடிய அவர், சோளத்தின் மாப்பொருளை நொதிக்கச் செய்து அசற்றோனும் பியூட்டனோலும் தரவல்ல பற்றீரியாவைக் கண்டறிந்தார்.

முதலாம் உலகப் போரில் கோடைற்று வெடிமருந்துக்கு அசற்றோன் பெருமளவில் தேவைப்பட்டது. மரத்தை வடித்துப் பெற்றது போதவில்லை. எனவே, 1915 முதல் பிரித்தானியா வைஸ்மனின் முறையை நாடியது. 1917 இல் தானியம் அருகியபோது, மரத்தடிகளில் உதிர்ந்து கிடந்த, மனிதர் உண்ணத்தகாத குதிரைச் செஸ்நட் கொட்டைகளைப் பாடசாலைச் சிறுவர்கள் பொறுக்கிக் கொடுத்தனர்.

அசற்றோனிலும் ஏறத்தாழ இரு மடங்காகக் கிடைத்த பியூட்டனோல் போர்க்காலத்தில் வேண்டாப் பொருளாயிருந்தது. போர் ஓய்ந்தபின், மோட்டார் வாகனங்களுக்கான விரைந்துலரும் பூச்சுக்கு அதுவே இன்றியமையாததாயிற்று. பின்னாளில் மலிவான பெற்றோலியம் இம்முறையைப் பின்தள்ளியது.

1952 இல் மறைந்த வைஸ்மனின் அரசியல் குறித்து உலகம் இன்றும் பிளவுபட்டே நிற்கின்றது. அவரது விஞ்ஞானமோ யாவர்க்கும் பொதுவானது. வைக்கோல், கரும்புச் சக்கை, சோளத்தட்டை ஆகியவற்றின் செலுலோசை வெல்லமாக்கி, அவ்வகைப் பற்றீரியாவுக்கு ஊட்டும் ஆய்வுகள் தொடர்கின்றன. வயலிலே எரிக்கப்படும் வைக்கோலும் ஒருநாள் விலைபெறக்கூடும். கழிவென ஒதுக்குமுன் அதன் பயனை ஆராய்தல் வேண்டும் என்பதே இவ்வாழ்க்கை உணர்த்தும் பாடமென நாம் கருதுகின்றோம்.