காட்டைப் படித்த மா. கிருஷ்ணன்

எங்கள் கொட்டச்சேட்டில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. பொழுது விடியும்போதே காப்பித் தோட்டங்களில் அவற்றின் குரல் கேட்கத் தொடங்கிவிடும். ஆனால் அது என்ன பறவை என்று யாராவது கேட்டால், ஏதோ ஒரு குருவி என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவோம். அன்றாடம் காண்பதைக் கவனித்துப் பார்க்காத எங்களைப் போன்றவர்களுக்காகவே வாழ்நாளெல்லாம் எழுதியவர் மா. கிருஷ்ணன் ஆவார்.

கிருஷ்ணன் 1912 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை எழுதிய அ. மாதவையா அவருடைய தந்தை. எட்டுப் பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வசித்தது. இன்று நெரிசல் மிகுந்த அவ்விடம் அக்காலத்தில் புதர்க்காடாக இருந்தது. நரிகளும் அங்கே திரிந்தன. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையைச் செல்லமாக வளர்த்தான். 1925 இல், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் பேசி முடித்த மாதவையா, அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

பின்னர் அவர் மாநிலக் கல்லூரியில் பயின்றார். தாவரவியல் பேராசிரியர் பைசனோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குச் சென்று செடிகொடிகளை அறிந்தார். பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். ஆனால் பரீட்சைகளில் அவர் சிறந்து விளங்கவில்லை. சட்டமும் படித்தார், வேலை எளிதில் கிடைக்கவில்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் படமும் அளித்து வந்தார். பொதுத் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் எங்களுக்கு இதை அறிந்தபோது மனம் கனத்தது. கூடவே ஓர் ஆறுதலும் பிறந்தது.

1942 இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆசிரியராகவும், நீதிபதியாகவும், மன்னரின் செயலாளராகவும் பணிபுரிந்தார். ஓய்வு நேரத்தில் காடுகளில் அலைந்தார். ஆடு மேய்த்தும் பார்த்தார், புறாக்களும் வளர்த்தார். 1949 இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்ததும் சென்னைக்குத் திரும்பி, இனி எழுத்தும் புகைப்படமுமே பிழைப்பு என்று துணிந்தார். மாதச் சம்பளமின்றிக் குடும்பம் நடத்துவது எளிதா?

கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 இல் தொடங்கிய இயற்கைக் கட்டுரைகளை 1996 வரை, 46 ஆண்டுகள், தொடர்ந்து எழுதினார். யானையையும் காட்டெருமையையும் பற்றி மட்டுமா எழுதினார்? வீட்டுக் கொல்லையில் ஓடும் அணிலும் கீரியும்கூட அவர் எழுத்தில் இடம் பெற்றன. உதிரிப் பாகங்களைத் தாமே பொருத்தி அமைத்த காமிராவால் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். பத்மஸ்ரீ விருது பெற்றார். 1996 பிப்ரவரி 18 இல் மறைந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலாகத் தந்துள்ளார்.

நம் நாட்டு மரங்கள் இருக்க, அயல்நாட்டு மரங்களை ஏன் நட வேண்டும் என்பது அவர் ஓயாமல் எழுப்பிய கேள்வி. இது எங்களைச் சிந்திக்க வைத்தது. எங்கள் மலையில் நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காப்பிச் செடியின் தாயகம் ஆப்பிரிக்கா. இவை எங்கள் வீடுகளுக்குச் சோறு போடுகின்றன. ஆகவே குறை கூற மாட்டோம். ஆனால் இவற்றுக்கு முன்பே இங்கிருந்த மரங்களின் பெயர்கள் எங்கள் பாட்டிமாருக்குத் தெரிகின்றன, எங்களுக்குத் தெரியவில்லையே! அவர்களோடு அந்தப் பெயர்களும் போய்விட்டால் யாரிடம் கேட்போம்?

ஆகவே நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். பாட்டிமாரிடமும் தோட்டத்தில் வேலை செய்வோரிடமும் கேட்டு, மரங்களின் பெயரையும் பறவைகளின் பெயரையும் எழுதி வருகிறோம். இப்போது செம்போத்தின் குரலைக் கேட்டால், ஏதோ ஒரு குருவி என்று நாங்கள் சொல்வதில்லை. கிருஷ்ணன் அவர்களுக்கு எங்களால் இயன்ற அஞ்சலி இதுவே.

– பத்தாம் வகுப்பு