கால்கள் நின்றன, கைகள் நிற்கவில்லை
(இளங்கலை விலங்கியல், மூன்றாமாண்டு மாணவர் ஒருவர்)

தென்னையிலிருந்தோ கிணற்று மேட்டிலிருந்தோ தவறி விழுந்து, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவரைப் பற்றிக் கேள்விப்படாத ஊர் நம் கொங்கு நாட்டில் அரிது. அத்தகையவரின் வாழ்வு அத்தோடு முடிந்தது என்று உற்றாரே முடிவு கட்டிவிடுவதும் உண்டு. அம்முடிவு தவறானது என்பதைத் தம் வாழ்வாலேயே மெய்ப்பித்தவர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்.

கேரளத்தில் கொச்சியை அடுத்த செராய் என்னும் ஊரில் 1925-ஆம் ஆண்டு பிறந்த அம்மையார், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954 ஜனவரி 30 அன்று உடன் பணியாற்றியோருடன் உல்லாசப் பயணம் சென்றபோது, அவர்கள் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழ்ந்த காயம். அதனினும் கொடிதாக, தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழ் அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

இங்கே தண்டுவடத்தைப் பற்றிச் சிறிது அறிதல் நலம். சுமார் 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் கொண்ட இவ்வுறுப்பு, முதுகெலும்புக்குள் பாதுகாப்பாக அமைந்துள்ளது. இதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. மூளையின் கட்டளை கீழே இறங்குவதும், உடலின் உணர்வு மேலே ஏறுவதும் இதன் வழியே. கையில் அறுபட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளரக்கூடும். ஆனால் தண்டுவடத்தின் நரம்பிழைகள் முளைவிட முயன்று, சிறிது தூரத்திலேயே நின்றுவிடுகின்றன. காயத்தில் உண்டாகும் தழும்பும், நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையிலுள்ள சில புரதங்களும் வளர்ச்சிக்குத் தடையாகின்றன. 1981-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் டேவிட், அகுவாயோ என்னும் இரு அறிஞர்கள், எலியின் கால் நரம்புத் துண்டைப் பாலமாக வைத்தபோது, மூளைத்தண்டு, தண்டுவடம் ஆகியவற்றின் இழைகள் அதனுள் வளர்ந்தன. குறை இழையில் மட்டுமன்று, சூழலிலும் உண்டு என்பது இதனால் புலனாயிற்று. எனினும் அறுந்த தண்டுவடத்தை முழுமையாக இணைக்கும் மருத்துவம் இன்றளவும் கைகூடவில்லை.

அவ்வாறாயின் அம்மையாருக்கு வழி யாது? வழி காட்டியவர், நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கில மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயால் நரம்பு கெட்டு மடங்கிப்போன விரல்களை, நல்ல நிலையிலுள்ள தசைநாண்களை மாற்றிப் பொருத்தி இயங்கச் செய்யும் அறுவை மருத்துவத்தில் அவர் வல்லவர். கை அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம் அல்லவா? அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்து அதனைக் கற்றார். தம் கால்களை அசைக்க இயலாத அவர், பிறருடைய விரல்களை அசையச் செய்தார்!

அத்துடன் அவர் உள்ளம் நிறைவுறவில்லை. தம்மைப் போன்றோருக்கு மறுவாழ்வு அளிக்கும் கலையை அறிய விரும்பி, முதலில் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் தாமே பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் பயின்று திரும்பினார். வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைவரானார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உள்நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்றும் இத்தகைய நிலையங்களுக்கு நம் நாட்டில் அது முன்னோடி.

அத்தகைய பயிற்சியில் எளிய செயல்களே உயிர் காக்கின்றன. உணர்வற்ற உடல் ஒரே பக்கமாகக் கிடந்தால் குருதியோட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் உண்டாகும். ஆகவே இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீர்ப்பை முறையாகக் காலியாகாவிடில் நோய்த்தொற்று சிறுநீரகத்தையே அழிக்கும். தோள்களுக்கு வலுவேற்றி, நாற்காலிக்கு மாறக் கற்று, ஒரு தொழிலையும் கற்று ஊர் திரும்பினால்தான் மறுவாழ்வு நிறைவு பெறும். சொல்லிக் கொடுத்தவரே சக்கர நாற்காலியில் வந்தபோது, நோயாளிக்கு அதனினும் பெரிய நம்பிக்கை வேறென்ன வேண்டும்? 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அம்மையார் 1986 டிசம்பரில் மறைந்தார்.

நாம் செய்யத்தக்கன இரண்டு உண்டு. மரத்திலிருந்து விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி வண்டியில் திணிப்பது நம் ஊர்களில் காணும் வழக்கம். பிழைத்திருக்கும் இழைகளும் அந்த ஒரு தூக்கலில் அறுந்துபோகலாம். கழுத்தும் முதுகும் வளையாமல், அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைப்பதே அறிவுடைமை. மற்றொன்று, நம் வகுப்பறைகளின் வாயிலை உற்று நோக்குவது. மேரி வர்கீஸ் அம்மையார் போன்ற ஒருவர் நாளை நம்மோடு படிக்க வந்தால், நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே வர இயலுமா? 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை அளித்துள்ளது. தண்டுவடத்தை இணைக்கும் பணி விஞ்ஞானிகளுடையது. படிக்கட்டின் அருகே ஒரு சாய்தளம் அமைக்கக் கேட்பது நம்முடையது.