வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி: ஸர் கே.எஸ். கிருஷ்ணன்

பொறியியல் படிக்கும் என் பேரன் போன விடுமுறையில் முலுண்ட் வந்திருந்தபோது, 'பிராஞ்ச் அண்ட் பவுண்ட்' என்ற முறையை எனக்கு விளக்கினான். கல்யாணப் பத்திரிகை கொடுக்கும் கணக்காக அதை நான் புரிந்துகொண்டேன். பத்து வீடுகளுக்குப் போக 36,28,800 வரிசைகள் உண்டு. அறுபது கிலோமீட்டரில் முடியும் ஒரு வழி கையில் இருந்தால், மாதுங்கா, செம்பூர் என்று பாதியிலேயே அறுபதைத் தாண்டிவிடும் கிளைகளை மேலே பார்க்காமல் விட்டுவிடலாம். லாண்ட், டாய்க் என்ற இரு பெண்மணிகள் 1960-ல் வெளியிட்ட வழிமுறை இது.

கேட்டதும் எனக்கு ஸர் கே.எஸ். கிருஷ்ணன் அவர்களின் நினைவு வந்தது. கணக்கு வேறுதான், ஆனால் ஆதாரம் இருந்தால்தான் கிளையை வெட்டலாம் என்ற விதி ஒன்றே.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 4-12-1898 அன்று வத்திராயிருப்பில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு. பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1920-ல் கல்கத்தா சென்று, 1923-ல் ராமனிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

அதே 1923-ல் கே.ஆர். ராமநாதன் அங்கே ஒரு விசித்திரத்தைக் கண்டார். திரவத்தில் செலுத்திய ஒளி சிதறும்போது, உள்ளே போகாத வேறொரு நிறமும் மங்கலாகத் தெரிந்தது. பலமுறை வடித்துச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. எஞ்சிய அழுக்கின் ஒளிர்வு என்று அப்போது முடிவு கட்டினார்கள். ராமனுக்கு மட்டும் திருப்தியில்லை.

1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் அதை மீண்டும் எடுத்தார். சாதாரண ஒளிர்வானால் அதில் தளவிளைவு இருக்கக் கூடாது. இதிலோ நன்றாகவே இருந்தது. அழுக்கானால் எங்கோ சில திரவங்களில்தான் இருக்க வேண்டும். இதுவோ பற்பல திரவங்களிலும் ஆவிகளிலும் தெரிந்தது. பழைய விளக்கம் விழுந்தது. 28-ஆம் தேதி ராமன் விளைவு உறுதியாயிற்று. 31-3-1928 'நேச்சர்' இதழில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது.

அது நியாயமா என்று நம்மவர்கள் இன்றும் வாதிடுவதுண்டு. கிருஷ்ணன் அதில் காலம் கழிக்கவில்லை. டாக்காவிலும், மீண்டும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்த குணத்தை ஆராய்ந்தார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது சட்டென்று புரளும்வரை இழையை முறுக்கி அளந்தார். 1940-ல் எஃப்.ஆர்.எஸ்., 1946-ல் ஸர் பட்டம், 1947-ல் டில்லி தேசிய பௌதிக ஆய்வகத்தின் முதல் இயக்குநர் பதவி. 14-6-1961 அன்று காலமானார்.

அரசு உத்தியோகத்தில் எத்தனையோ கோப்புகளை, முதலில் கிடைத்த காரணத்தை எழுதி நானே மூடியிருக்கிறேன். 'அழுக்கு' என்று எழுதி மூடிய கோப்பு கல்கத்தாவில் ஐந்து வருஷம் கிடந்தது. அதைத் திறந்து பார்த்தவர்களில் ஒருவர் நம் வத்திராயிருப்புக்காரர். இதை என் பேரனிடம் சொன்னேன். உங்கள் பேரக்குழந்தைகளிடமும் சொல்லுங்கள்.